எவர் தோளில் எந்தக் கொட்டு

திருவண்ணாமலையில் பிறந்தவனுக்குக் கொட்டுச் சத்தம் புதிதல்ல. கோயில் பக்கமிருந்து நாயனமும் தவிலும் வரும். ஆடி மாதம் பிறந்தால் அம்மன் கோயில்களில் பம்பையும் உடுக்கையும். பாரதம் நடக்கும் ஊர்களில் கூத்துக்காரரின் மிருதங்கம் விடிய விடிய ஒலிக்கும். சாவு வீட்டில் பறை. இத்தனையையும் கேட்டு வளர்ந்த எங்களில் பெரும்பாலோர் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. ஒவ்வொரு கொட்டுக்கும் ஒரு தெரு இருந்தது. அந்தத் தெருவில் பிறந்தவர்தான் அதை அடிப்பார். எந்தத் தெருவையும் சேராத கொட்டு என்று எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அது பள்ளிக்கூடத்துப் பழைய சாமான் அறையில், உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே கிடந்த பேண்டு செட்.

1989 செப்டம்பர் 30ஆம் தேதி வட ஆர்க்காடு மாவட்டம் பிரிந்தது. எங்கள் ஊர், திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று அப்போது பெயரிடப்பட்ட புது மாவட்டத்தின் தலைநகரமானது. அதுவரை கலெக்டரைப் பார்க்க வேலூருக்கு பஸ் ஏற வேண்டும். இனி குடியரசு தினத்தன்று கலெக்டர் இங்கேயே கொடியேற்றுவார், பள்ளிப் பிள்ளைகள் அவர் முன்னால் அணிவகுத்துப் போவார்கள் என்றதும் எங்கள் பி.டி. சாருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. சாமான் அறையைத் திறந்து, சைடு டிரம்களையும் ஒரு பெரிய பேஸ் டிரம்மையும் மைதானத்துக்குக் கொண்டுவந்து வெயிலில் வைத்தார். கூடவே பச்சை பிடித்த புகிள்கள், ஆறு துளைப் புல்லாங்குழல்கள், ஜோடி பிரிந்த சிம்பல், ஒரு ட்ரையாங்கிள். பழைய பேண்டுப் பையன்கள் பள்ளியை விட்டுப் போய்ப் பல காலம் ஆகியிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் புது ஆள் எடுத்தார். நானும் கை தூக்கினேன்.

கொட்டு உடனே கைக்கு வரவில்லை. முதலில் கால். நின்ற இடத்தில் மார்க் டைம் போடச் சொல்லி, இடது காலை இடது காலாக வைக்கத் தெரிந்தவர்களை ஒருபுறம் நிறுத்தினார். அந்தக் காலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது ஒரு காலில் ஓலையும் மறு காலில் சீலையும் கட்டி, ஓலைக்கால் சீலைக்கால் என்று சொல்லியே நடக்கப் பழக்கினார்களாம். அந்தக் கதையை அவர் சொன்னது அன்றுதான். பிறகு எனக்கு ட்ரையாங்கிள் கிடைத்தது. புதிதாகச் சேர்ந்தவனுக்கு எப்போதும் அதுதான். நாலு அடிக்கு ஒரு தட்டு. அதையே தவறாமல் தட்டினால்தான் குச்சி.

குச்சி கிடைத்தபோதும் தோல் கிடைக்கவில்லை, பெஞ்சுப் பலகைதான். சைடு டிரம் இடது தொடையில் சாய்ந்து தொங்கும். அதனால் வலது கை குச்சியை மேலிருந்து பிடிக்கும், இடது கை உள்ளங்கை மேல் பார்க்க, கட்டை விரல் இடுக்கில் ஏந்தும். இரண்டு கையும் இரண்டு விதமாகப் பிடித்து ஒரே மாதிரி சத்தம் எழுப்ப வேண்டும். வலது இரண்டு, இடது இரண்டு, மெதுவாகத் தொடங்கி, தட்டுகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே உருட்டாக ஓடும் வரை. அந்த உருட்டு முதன்முதலாக என் கையில் ஓடிய மாலையை நான் மறக்கவில்லை. நிமிடத்துக்கு 120 அடி, ஒவ்வோர் அடியும் 30 அங்குலம். அதுதான் பட்டாளத்து நடை. பேஸ் டிரம் விழும் இடத்தில் இடது கால் விழ வேண்டும். அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. பின்னால் வரும் நூற்றுக்கணக்கான கால்கள் நம் கையைக் கேட்டு நடக்கின்றன என்று தெரிந்த நிமிடத்தில் பதினாலு வயதுப் பையனுக்கு வரும் நிமிர்வு வேறெதிலும் வராது.

வீட்டில் ஆயா ஒத்துக்கொள்ளவில்லை.

"இன்னாடா, கொட்டடிக்கவா உன்ன பள்ளிக்கூடம் அனுப்புனோம்? நாளைக்கு சாவுக்குக் கூப்புடுவானுங்க, போவியா?"

அப்பாதான் சமாதானம் சொன்னார். "இது அந்தக் கொட்டு இல்லம்மா. வெள்ளைக்காரன் கொட்டு, சர்க்கார் கொட்டு. கலெக்டருக்கு முன்னால அடிக்கிறது."

இந்த விளக்கத்தை நானும் நம்பினேன். வெள்ளைக்காரன் கொட்டுக்குத் தெரு கிடையாது என்ற நம்பிக்கை உடைய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் உத்தரவு போட்டது. தாய், தந்தை இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர்கள் கம்பெனிப் படையின் ஐரோப்பியப் பிரிவுகளில் சேரக் கூடாது. டிரம் அடிப்பவராக, குழல் ஊதுபவராக, பேண்டுக்காரராக, லாடம் கட்டுபவராக வேண்டுமானால் சேரலாம். துப்பாக்கிக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்டவர்கள் தோளில்தான் அவர்களும் கொட்டை மாட்டியிருக்கிறார்கள். நாங்கள் பெருமையாக மாட்டிக்கொண்டதும் தெரு ஒதுக்கப்பட்ட கொட்டுதான். தெருவின் பெயர் மட்டும் வேறு.

அதே காலத்துக் கம்பெனி பேண்டை இன்னொரு காதும் கேட்டது. முத்துசாமி தீட்சிதர் இளமையில் சென்னைக்குப் பக்கத்து மணலியில் தங்கியிருந்தபோது, கோட்டையில் வாசித்த பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். சுமார் 40 நோட்டுஸ்வரங்கள், எல்லாம் சங்கராபரணத்தில். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் மெட்டு சங்கீத சியாமளையை வேண்டும் பாட்டாயிற்று. பின்னாளில் பஞ்சபூதத் தலங்களைப் பாடியவரும் அவரே. எங்கள் ஊர் அக்னி லிங்கத்துக்குச் சாரங்கா ராகத்தில் அவர் செய்த கீர்த்தனை கச்சேரிகளில் இன்றும் ஒலிக்கிறது. வாசித்தவர் யார், எந்தத் தோல் என்று கேட்காமல் மெட்டை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடிய காது அது. எங்கள் தெருக்களுக்கு அந்தக் காது வாய்க்கவில்லை.

எங்கள் பேண்டில் பேஸ் டிரம் அடிக்க ஒருவன் வந்தான். என் வகுப்புதான், கடைசி பெஞ்சு. அவனாகக் கை தூக்கவில்லை, பி.டி. சார் அவன் டெஸ்கில் விரலால் தட்டுவதைக் கேட்டுவிட்டு இழுத்துவந்தார். எங்களுக்கு மாதக்கணக்கில் வராத தாளக்கட்டு அவன் கையில் முதல் நாளே இருந்தது. வேகம் கூடாது, குறையாது. மார்கழியில் காலை ஆறு மணிக்குப் பயிற்சி. மலை உச்சி மூடுபனியில் மறைந்திருக்கும். அப்போது டிரம்முக்கெல்லாம் நிஜத் தோல். பனி குடித்துத் தொய்ந்துபோய்ப் பொத்துப் பொத்தென்று அடிக்கும். வெயில் ஏறும் வரை சார் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். அவன் மைதானத்து ஓரத்தில் கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்தி, எரிந்து அடங்கும் அனலில், தோலை எட்டப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினான். விரலால் தட்டி, காதோரம் வைத்து, போதும் என்றான். டிரம் பேசியது. "எங்கடா கத்துகிட்ட?" என்று சார் கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. எங்களுக்கெல்லாம் பதில் தெரியும். அவன் அப்பா பறையடிப்பவர்.

1990 ஜனவரி 26 காலையில் நடந்தோம். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், சிவப்புத் துணிப் பட்டை. மேடையைக் கடக்கும்போது 'ஐஸ் ரைட்' சொன்னார்கள். எல்லாத் தலையும் திரும்பியது, தாளம் மட்டும் நேரே போனது. ஊரே ரோட்டோரம் நின்றிருந்தது. அப்பா ஆயாவையும் கூட்டிவந்திருந்தார். ஊரே நின்று பார்த்ததாலோ என்னவோ, அதற்கப்புறம் ஆயா கொட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வருஷமே ஆயா இறந்துபோனாள். வழக்கப்படி சேதி போயிற்று, பறை வந்தது. அவன் அப்பாவோடு இன்னும் மூன்று பேர். வைக்கோல் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு பின்னால் அவன். எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே, திண்ணையிலிருந்து தள்ளி, தெருவோரம் குந்தி அனல் மூட்டினான். மார்கழியில் எங்கள் மைதானத்தில் செய்த அதே வேலை. மைதானத்தில் அவனைச் சுற்றி நின்று கைதட்டியிருந்தோம். தெருவில் யாரும் அவனைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், அவனும் பார்த்தான். என்னிடம் பேச வார்த்தை இல்லை. அவனுக்குத் தண்ணீர் தனிச் சொம்பில் போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை அவன் பேஸ் டிரம்மைச் சாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். "சார், எனக்குக் கொட்டு வேணாம். புகிள் கொடுங்க." சார் நிலைமையைப் புரிந்துகொண்டார் என்றே இன்றும் நினைக்கிறேன், மறு கேள்வி கேட்கவில்லை. புகிளில் விரல் வைக்கப் பொத்தான் கிடையாது; உதட்டாலேயே பிறப்பிக்கும் ஐந்து சுரம்தான் அதற்கு. பள்ளி முடியும் வரை அவன் அந்த ஐந்து சுரத்தை ஊதினான். பேஸ் டிரம்முக்கு வேறு பையன் வந்தான். நடை முன்போல் இல்லை.

தீபத் திருவிழாவின் ஆறாம் நாள் எங்கள் ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. அறுபத்து மூன்று நாயன்மார்களையும் பள்ளிப் பிள்ளைகள் தோளில் சுமந்து மாட வீதிகளில் உலா வருவார்கள். அந்த அறுபத்து மூவரில் ஒருவர் திருநாளைப்போவார், ஊருக்குத் தெரிந்த பெயரில் நந்தனார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். அவர் செய்த தொண்டு இன்னதென்று சேக்கிழார் விளக்கமாகவே எழுதியிருக்கிறார்: கோயில் பேரிகைகளுக்குப் போர்க்கும் தோலும் இழுத்துக் கட்டும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தார். உள்ளே முழங்கிய கொட்டின் தோல் அவருடையது. அவர் நின்றது வெளியே. இத்தனை நூற்றாண்டாக இந்தக் கதையைத் தோளில் ஏற்றி வலம் வருகிற தமிழகத்தில்தான் என் வகுப்புத் தோழன் தெருவோரம் குந்தியிருந்தான். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

இன்று ஊர் வேறு. பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலை. வெளியூரிலிருந்து கைலாய வாத்தியக் குழுக்கள் வந்து இறங்குகின்றன. படித்த, உத்தியோகம் பார்க்கிற ஆண்களும் பெண்களும் கொட்டை மாட்டிக்கொண்டு ஆனந்தமாக அடிக்கிறார்கள். இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளுக்கு இறகுத் தொப்பியும் முழங்கால் பூட்ஸும் போட்ட பேண்டு இருக்கிறது. டிரம்களில் தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் தாள். பனியும் மழையும் அதை ஒன்றும் செய்வதில்லை, வைக்கோலும் வேண்டாம். கருவிகள் பலவும் மீரட்டிலிருந்து வருகின்றன. 1885இல் நாதிர் அலி என்ற பட்டாள பேண்டு மாஸ்டர் அங்கே ஆரம்பித்த தொழில், ஜலி கோட்டி வட்டாரத்தில் தெருத்தெருவாகப் பரவியிருக்கிறது. பேண்டில் பெண் பிள்ளைகள் சரிபாதி. எங்கள் நாளில் ஒரு பெண்கூடக் கிடையாது. இந்த மாற்றம் எனக்குப் பெரிய சந்தோஷம்.

என் அக்கா மகள் போன வருஷம் அப்படியொரு பேண்டில் சேர்ந்தாள். அவளுக்கும் முதலில் ட்ரையாங்கிள்தான் கொடுத்தார்களாம். யூனிபார்முக்குத் தனிப் பணம் கட்டினாள் அக்கா, முகம் சுளிக்காமல். வீதியில் பிள்ளை டிரம் அடித்துப் போவதை வீடியோ எடுத்து உறவுக்கெல்லாம் அனுப்பினாள்.

அந்த வகுப்புத் தோழன் இப்போது செங்கம் பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர். புகிளைப் பள்ளியோடு விட்டுவிட்டான். அவன் அப்பா கடைசிக் காலத்தில் கேட்டாராம், "உன்னோட நின்னு போனா அடவுங்கள யாருடா அடிக்கிறது?" என்று. அப்பா போன பிறகு பறையை எடுத்தான். சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு, தன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தான். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவுக்கு அவன் பிள்ளைகள் பறையோடு போகிறார்கள். மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்த அன்று எனக்குப் போன் செய்தான். ரொம்ப நேரம் பேசினோம். என் ஆயா சாவை முதன்முறையாகப் பேசியது அன்றுதான். "அன்னிக்கு உங்க ஆயாவுக்கு எங்கப்பா நல்லா அடிச்சாரு, கவனிச்சியா?" என்றான். கவனித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டு முன்னால் இலவச வகுப்பு. எந்தப் பள்ளிப் பிள்ளையும் வரலாம். ஒருநாள் அக்கா மகளைக் கூட்டிப் போனேன். வேப்ப மரச் சட்டத்தில் தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டுவதைக் காட்டினான். இடது கைக்கு நீளமான சிம்புக்குச்சி, வலது கைக்குக் குட்டையான அடிக்குச்சி. அவளுடைய டிரம் பழகிய கை சீக்கிரம் இணங்கியது. "மாமா, இதுல கால் நம்ம இஷ்டத்துக்குப் போகுது" என்றாள். பேண்டில் கால் கொட்டுக்குக் கட்டுப்படும். பறையில் அடிப்பவர் ஆட வேண்டும். அடவு என்றால் அடியும் ஆட்டமும் சேர்ந்ததுதான். புதிதாகச் சேர்ந்தவளுக்கு அது முதல் அரை மணியிலேயே பிடிபட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். "பேண்டு சரிதாண்டா. பறை எதுக்கு இவளுக்கு? நாலு பேரு இன்னா பேசுவாங்க?" ஆயாவின் குரல்தான். அப்பா அன்று சொன்ன சமாதானத்தை நான் சொல்லவில்லை. இது அந்தக் கொட்டுதான் அக்கா, ஆயாவை வழியனுப்பின அதே கொட்டுதான் என்றேன். அவள் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்னும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. வகுப்பு காலை ஏழு மணிக்கு. ஆறேகாலுக்கு நான் வண்டியை வெளியே எடுக்கும்போது பிள்ளை குச்சிகளோடு வாசலில் நிற்கிறாள்.