இமைத்துக் காட்டுக

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால், மத்திய அரசாங்கத்தின் ஓய்வூதியத்தை வாங்கி ஜீவிக்கும் என் போன்றவர்கள், தாங்கள் மெய்யாகவே ஜீவித்துக்கொண்டிருப்பதை அவ்வரசாங்கத்துக்கு மெய்ப்பித்தாக வேண்டும் என்பது விதி. அந்த விதியின்பால் எனக்கு யாதொரு விரோதமும் இல்லை. இறந்தவர்களுக்குச் சம்பளம் அளக்க எந்தக் கஜானாவும் பிரியப்படாது என்பதையும், அவர்கள் சார்பில் அதை வாங்கிக்கொள்ளப் பிரியப்படும் உறவினர்களுக்கு இப்புண்ணிய பூமியில் பஞ்சமில்லை என்பதையும் நான் அறிவேன். என் கோபமெல்லாம், என் உயிரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் மிளகைவிடச் சற்றே பெரிதான ஒரு கண்ணாடித் துண்டிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதைக் குறித்ததே. சென்ற வாரம் அக்கண்ணாடித் துண்டு, என்னை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, முகம் எதுவும் தென்படவில்லை என்று கைவிரித்துவிட்டது.

காரணம் எளியது. கைப்பேசியின் முன் கேமராவுக்குள் ஈரம் புகுந்து, கண்ணாடியின் உட்புறத்தில் ஆவியாகப் படிந்து, அங்கேயே நிரந்தர வாசம் செய்யத் தொடங்கியிருந்தது. வெளிப்புறத்தை வேட்டித் தலைப்பால் துடைத்துப் பயனில்லை. அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தும் பயனில்லை. அந்த அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டதுதான் லாபம். கேமராவையே மாற்றுவதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை என்றானபோது, அதை வீட்டிலிருந்தபடியே மாற்றிக்கொள்ளும் முறையைக் கிரமமாக எழுதி வைத்தால் பிறருக்கும் உபகாரமாக இருக்குமே என்று தோன்றிற்று. அம்முறையைத்தான் இங்கே விவரிக்கப்போகிறேன். அதற்கு முன்பாக, இமைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை.

ஜீவன் பிரமாண் என்னும் இந்த ஏற்பாடு 2014 நவம்பரில் தொடங்கியபோது பெரும்பாலும் விரல் ரேகையையே கேட்டது. ஆயுள் முழுவதும் பேரேடு புரட்டியும் பாத்திரம் துலக்கியும் ரேகை தேய்ந்துபோன விரல்களை வைத்துக்கொண்டு கிழவர்களும் கிழவிகளும் தவித்ததைக் கண்டோ என்னவோ, 2021 நவம்பரில், கைப்பேசிச் செயலிக்கு முகத்தைக் காட்டினாலே போதும் என்ற சலுகை பிறந்தது. ஐந்து மெகாபிக்சலுக்குக் குறையாத முன் கேமரா வேண்டும். முகம் வட்டத்துக்குள் அடங்க வேண்டும். எதிரே இருப்பது புகைப்படமன்று, உயிருள்ள மனிதனே என்று தெளியும் பொருட்டு, கண்களை இமைத்துக் காட்ட வேண்டும்.

இந்தச் சோதனை தலைநகரத்துப் பொறியாளர் எவருடைய மூளையிலும் புதிதாக உதித்ததன்று என்பது என் அபிப்பிராயம். விதர்ப்ப நாட்டுச் சுயம்வர மண்டபத்தில், ஒரு நளனுக்குப் பதிலாக ஐந்து நளர்கள் வரிசையாக வீற்றிருக்கக் கண்டு திகைத்த தமயந்தி கையாண்ட உபாயம் அல்லவா இது! இந்திரன், அக்கினி, யமன், வருணன் என்னும் நால்வரும் நளனுடைய உருவத்தை அச்சுப் பிசகாமல் எடுத்துக்கொண்டு வந்தவர்கள், இமைக்க மட்டும் மறந்துவிட்டார்கள். கண் இமைத்தல், கால் நிலத்தில் தோய்தல், மாலை வாடுதல் என்று புகழேந்திப் புலவர் நளவெண்பாவில் மனிதனுக்கு வைத்த மூன்று அடையாளங்களில் முதலாவது, யாதொரு திருத்தமும் இன்றி நம் செயலிக்குள் நுழைந்திருக்கிறது. வந்த நால்வரில் ஒருவன் யமன் என்பதும் கவனிக்கத்தக்கது. எதிரில் இருப்பவன் ஓய்வூதியக்காரனா, அல்லது அவன் இடத்தில் யமன் வந்து அமர்ந்துவிட்டானா என்று பிரித்தறிவதுதானே செயலியின் உத்தியோகமும்!

மற்ற இரண்டு அடையாளங்களை அரசாங்கம் கைவிட்டதில் நியாயம் இருக்கிறது என்றே சொல்வேன். கால் நிலத்தில் தோய்கிறதா என்று பார்க்கப் புகுந்தால், சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் ஆடி அசைந்து, நான் வசிக்கும் அந்தமானில், போர்ட் பிளேரின் ஹாடோ துறையில் வந்து இறங்குகிறவன், அன்று முழுவதும் தரை தன் காலுக்குக் கீழே இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா என்று தெரியாமல் நடப்பவன், தேவர்களோடு சேர்க்கப்பட்டுத் தன் ஓய்வூதியத்தை இழந்துவிடுவான். மாலையோ என்றால், ஓய்வூதியக்காரன் கழுத்தில் மாலை விழுவது இரண்டே சந்தர்ப்பங்களில். ஒன்று, அவன் ஓய்வு பெறும் நாள். மற்றொன்று, இமைக்கச் சொன்னால் இமைக்க முடியாத நாள். வியாசபாரதத்தில் வியர்வையும் ஓர் அடையாளமாகச் சொல்லப்பட்டிருக்கிறது, தேவர்களுக்கு வியர்ப்பதில்லையாம். போர்ட் பிளேருக்கு அந்த ஒரு விதியை மட்டும் வைத்திருந்தால் கேமராவே தேவைப்பட்டிராது. வங்கியின் வாசலில் ஒரு துவாலையைக் கட்டித் தொங்கவிட்டு, வந்தவர்கள் எல்லாரும் முகத்தைத் துடைத்துவிட்டுப் போங்கள் என்று சொன்னால் காரியம் முடிந்தது. ஆயினும், ஏப்ரல் மாதத்து மத்தியானத்தில் டெலானிப்பூர் மேட்டில் ஏறச் சொன்னால் தேவேந்திரனுக்கே வியர்க்கும் என்பதால், அச்சோதனை இவ்வூரில் தோற்றுப்போகவும் கூடும்.

தமயந்திக்கு இருந்த சௌகரியம் ஒன்றை இங்கே சொல்லாமல் விடலாகாது. அவளுடைய கண்ணில் ஆவி படியவில்லை. படிந்திருந்தால், இமைப்பவன் யார், இமையாதவன் யார் என்று விளங்காமல், கையில் இருந்த மாலையை அவள் வருணன் கழுத்தில் போட்டுவிட்டிருப்பாள். வருணனை நான் காரணத்தோடுதான் குறிப்பிடுகிறேன். மழைக்கும் கடலுக்கும் அதிபதியான அத்தேவன், மே மாதத்தில் தென்மேற்குப் பருவத்தோடு வந்து இறங்கி, அது முடிந்ததும் வடகிழக்குப் பருவத்துக்கு ஆள் மாறிக்கொண்டு, டிசம்பர் வரையில் ஏறத்தாழ மூவாயிரம் மில்லிமீட்டர் மழையை இத்தீவுகளின் மேல் கொட்டிவிட்டு, எஞ்சியதை என் கேமராவுக்குள் சேமித்து வைத்திருக்கிறான். சுயம்வரத்தில் தோற்ற பழியை ஓய்வூதியக்காரர்களிடம் தீர்த்துக்கொள்கிறான் போலும்.

விஷயத்துக்கு வருவோம். கேமராவை வீட்டிலேயே ஏன் மாற்ற வேண்டும், கடையில் கொடுக்கலாகாதா என்று கேட்பீர்கள். கொடுக்கலாம். பஜாரில் ஒரு கடையில் விசாரித்தேன். அங்கே இருந்த பிள்ளையாண்டான் தலையை நிமிர்த்தாமல், “செட்டை விட்டுட்டுப் போங்க அங்கிள், பார்ட்ஸ் மெயின்லேண்டிலிருந்து வரணும்” என்றான். எப்பொழுது வரும் என்றேன். “வந்தா போன் பண்றேன்” என்றான். போனைத்தான் அவனிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறானே, எந்தப் போனுக்குப் பேசுவான் என்று நான் கேட்கவில்லை. இளைஞர்களின் மனத்தைப் புண்படுத்துவது எனக்குப் பிடிக்காது.

மெயின்லேண்ட் என்று நாங்கள் சொல்லும் அந்தப் பெருநிலத்துக்கும் எங்களுக்கும் இடையே உள்ள சம்பந்தம் விசித்திரமானது. 2020 ஆகஸ்டு 10ஆம் தேதி, சென்னையிலிருந்து இத்தீவுகளுக்குக் கடலுக்கு அடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் தூரம் இழுத்த கண்ணாடி இழைக் கம்பி, ரூ. 1,224 கோடி செலவில் நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாக, ஆவி படிந்த என் முகம் இன்று ஏறத்தாழ ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் வங்கக் கடலைத் தாண்டிச் சென்னையில் கரையேறிவிடுகிறது. அந்த ஆவியைப் போக்குவதற்கான உதிரிப் பாகமோ, 744 என்று தொடங்கும் எங்கள் அஞ்சல் எண்ணைக் கண்டதுமே, அனுப்புகிறவர்களின் மனத்தில் சம்சாரம் அநித்தியம் என்ற வேதாந்த எண்ணங்களை எழுப்பிவிடுகிறது. 2024 செப்டம்பரில் எங்கள் ஊரின் பெயரையே போர்ட் பிளேரிலிருந்து ஸ்ரீ விஜயபுரமாக ஒரே அறிவிப்பில் மாற்றிவிட்டார்கள். ஒரு நகரத்தை மாற்றுவதற்கு ஒரு நாள் போதும். ஒரு கேமராவை மாற்றுவதற்குத்தான் போதாது.

அந்தக் கம்பி வருவதற்கு முன்பு, இணையம் விண்கோளின் தயவில் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்த காலத்தில், பந்துக்களோடு முகம் பார்த்துப் பேசும் சங்கடம் எங்களுக்கு அவ்வளவாக இருந்ததில்லை என்பதை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். இப்போதோ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் கூடுகிறோம். தம்பி தன் நெற்றியைக் காட்டுகிறான். மன்னி மின்விசிறியைக் காட்டுகிறாள். அத்திம்பேர் காதைக் காட்டிக்கொண்டு, “கேக்கறதா, கேக்கறதா” என்கிறார். பேசுகிறவர் யாராயினும், எல்லாருடைய கண்ணும் மூலையில் இருக்கும் தத்தம் முகத்திலேயே லயித்திருக்கிறது. நான் இதற்கு விலக்கு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். என் கேமரா மங்கியதில் எனக்கு உண்டான விசனத்தில் பாதி, உறவினர் என்னைப் பார்க்க முடியவில்லையே என்பதற்காக அன்று. நவம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், சென்னைக்காரர்கள் வெயிலில் உட்கார்ந்துகொண்டு, “ஏன் இருட்டில இருக்கேள், கரண்டு பில் கட்டலையா?” என்று கேட்பது வேறு.

கண்டவர் முகத்தையெல்லாம் கேமராவுக்குள் அடைக்கும் வழக்கம் இத்தீவுகளுக்குப் புதிதன்று. 1890களில் போர்ட்மன் என்னும் ஆங்கில அதிகாரி, இங்கிருந்த ஆதிவாசிகளை நிற்க வைத்துப் படம் பிடித்து, லண்டனில் உள்ள பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பிவைத்தார். அந்நாளைய கேமராவின் எதிரே நின்றவன் அசையலாகாது. இந்நாளைய கேமராவின் எதிரே அசையாதவன் ஆளே இல்லை. அன்று அதிகாரி வந்து படம் பிடித்தார். இன்று நம் காசில் நாமே கேமரா வாங்கி, நாமே பிடித்து, நாமே அதிகாரிக்கு அனுப்புகிறோம். இதை முன்னேற்றம் என்கிறார்கள். 1999இல் ஜப்பானில் கியோசெரா கம்பெனி வெளியிட்ட முதல் முகம் பார்க்கும் கைப்பேசியில் இருந்தவை 1,10,000 படப்புள்ளிகள்தாம். ஐம்பது லட்சம் புள்ளிகள் கேட்கும் நம் விதிப்படி, அதில் தோன்றிப் பேசிய ஜப்பானியர் எவரும் உயிரோடு இருந்ததாகக் கொள்ள இடமில்லை.

இனி முறை. முதற்கண், உதிரிப் பாகம். சென்னையில் இருக்கும் என் தமையன் மகன், ரிச்சித் தெருவில் வாங்கி, இங்கே வரும் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினான். இரண்டாவது, கைப்பேசியைத் திறத்தல். இதற்குத் திருப்புளி உதவாது. பின்பக்கத் தகடு பசையால் ஒட்டப்பட்டிருக்கும். முடி உலர்த்தும் கருவியால் ஓரங்களைச் சூடாக்கி, பசை இளகியதும், மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து நெம்ப வேண்டும். பேத்தி விட்டுப்போன முடி உலர்த்தியோடு நான் நாற்காலியில் அமர்ந்ததைக் கண்ட என் மனைவி, “அதுக்கும் முடி இல்லை, உங்களுக்கும் இல்லை, எதுக்கு அது?” என்று வினவினாள். விஞ்ஞான காரியங்களுக்கு நடுவே சம்பாஷணை ஆகாது என்று நான் மௌனம் சாதித்தேன்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். கடிகாரத்தைத் திறந்து பார்த்த தலைமுறை நான். ரேடியோவின் பின்னால் நான்கு திருகாணிகள் இருந்தன. தையல் மெஷினின் வயிற்றில் கையை விட்டு எண்ணெய் போட்டோம். பணம் கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கலாகாது என்று பசையால் வாய் கட்டி அனுப்புகிற வியாபாரத்தை எங்கே கற்றார்கள்? பசை தண்ணீரை உள்ளே விடாதிருக்கத்தான் என்கிறார்கள். என் கைப்பேசியில் தண்ணீர் தாராளமாக உள்ளே போயிற்று. நான்தான் போக முடியவில்லை. விலையுயர்ந்த சில கைப்பேசிகளிலோ, முகம் அறியும் பாகத்தைத் தாய்ப்பலகையோடு கலியாணமே செய்து வைத்துவிடுகிறார்களாம்; வேறொன்றைப் பொருத்தினால், அது எவ்வளவு நல்ல குணமுள்ளதானாலும், எஜமானின் முகத்தை அறிந்துகொள்ள மறுக்கும். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையவாசலைத் திறந்து வைத்தது. வாசல் திறந்துதான் இருக்கிறது, மூடியிருப்பது கைப்பேசி.

மூன்றாவது, உள்ளே இருக்கும் திருகாணிகள். எல்லாம் ஒரே நீளம் என்று எண்ணிவிடாதீர்கள். குட்டையானது இருந்த இடத்தில் நெட்டையானதை முறுக்கினால் பலகையைத் துளைத்துவிடும். எல்லாவற்றுக்கும் முன்பாகப் பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். நான்காவது, பழைய கேமராவின் ஃப்ளெக்ஸ் என்னும் நாடா இணைப்பைத் தூக்கிவிட்டுப் புதியதை அழுத்துதல். ஐந்தாவதும் முக்கியமானதுமான கட்டம், மீண்டும் ஒட்டுதல். உள்ளே இருக்கும் காற்றில் ஈரமே இல்லாத நாளாகப் பார்த்து ஒட்ட வேண்டும். இல்லையேல் புதிய கேமராவும் பழையதன் கதியையே அடையும். அத்தகைய நாள் இத்தீவுகளில் ஜனவரியில் வரலாம் என்கிறார்கள். ஓய்வூதியக் காலக்கெடுவோ நவம்பரோடு முடிகிறது. ஆகையால் ஐந்தாவது கட்டத்தை இப்போதைக்கு ஒத்திவைத்து, குடையை எடுத்துக்கொண்டு வங்கிக்கே புறப்பட்டேன்.

அங்கே எங்கள் வயதினரின் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. என் முறை வந்தபோது, மேஜைக்கு அப்பால் இருந்த இளைஞரிடம், “நான் நேரிலேயே வந்துவிட்டேன்” என்று சற்று கர்வத்தோடு சொன்னேன். அவர் என்னை ஏறிட்டும் பாராமல் தம்முடைய கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டி, “இமைங்க அங்கிள்” என்றார். இமைத்தேன். “ஆயிடுச்சு. அடுத்த வருஷம் வீட்டிலேயே பண்ணிக்கலாம், நீங்க இதுக்காக வரணும்னே இல்லை.” எதிரில் உட்கார்ந்திருந்தவன் மனிதனா, வருணனா என்று தாங்கள் ஒரு முறையாவது பார்த்தீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள், தாங்களும் உயிரோடிருப்பதை நிரூபிக்கத் துடித்துக்கொண்டிருந்த பின்வரிசைக்காரர்கள் முழங்கையால் இடித்து என்னை மேஜையை விட்டு அப்புறப்படுத்திவிட்டார்கள். அந்த இடியை வாங்கிய பிறகு, அவர்களில் ஒருவருக்காவது சான்றிதழ் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.