அமெரிக்கக் கடிதம்: ஆண்டவனுக்கு அரை மணி நேரம்

அமெரிக்க வானொலியில் சாமிக்கு நேரம் விலைக்குக் கிடைக்கும். ஒரு தேவாலயமோ கோயில் குழுவோ உள்ளூர் நிலையத்திடம் வாரம் அரை மணி நேரத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, பிரசங்கமோ பஜனையோ வைத்துக்கொள்ளலாம். நம்மூர் ஆகாசவாணி விடியற்காலையில் பக்திப் பாடல்களைப் போட்டுவிட்டு எந்தக் கோயிலுக்கும் பில் அனுப்புவதில்லை. இங்கே பெரும்பாலான நிலையங்கள் தனியார் சொத்து. கல்யாண மண்டபத்தை வாடகைக்கு விடும் கணக்குதான். ஜனங்கள் காரில் வேலைக்குப் போகும் காலையும் வீடு திரும்பும் மாலையும் முகூர்த்த நாள். நள்ளிரவு ஆடி மாதம்.

முதலில் இப்படி இல்லை. வானொலியில் முதன்முதலாக ஒலித்த தேவாலய ஆராதனை, 1921 ஜனவரி 2 அன்று பிட்ஸ்பர்க் நகரத்துக் கால்வரி எபிஸ்கோபல் ஆலயத்திலிருந்து கேடிகேஏ நிலையம் ஒலிபரப்பியது. நிலையத்துக்கு அப்போது வயது இரண்டே மாதம். கருவிகளைப் பார்த்துக்கொள்ள வந்த இருவரில் ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் யூதர். அவர்கள் நடமாட்டம் பக்தர்களின் கண்ணை உறுத்தாமலிருக்க, பாடகர் குழுவின் அங்கியை இருவருக்கும் மாட்டிவிட்டார்கள். மத நல்லிணக்க மாநாடு எதுவும் இவ்வளவு சிக்கனமாக நடந்ததில்லை.

பிறகு நாடு முழுக்க ஒலிபரப்பும் பெரிய கம்பெனிகள் வந்தன. என்பிசி பெரிய சபைகளுக்கு இலவசமாக நேரம் கொடுத்தது, விற்க மறுத்தது. சிபிஎஸ் விற்றுப் பார்த்துச் சூடு பட்டுக்கொண்டது. டெட்ராய்ட் பக்கத்துப் பாதிரியார் சார்லஸ் காக்லின் நேரத்தை வாங்கிவிட்டு அரசியல் பேசினார். 1931இல் அவருக்குக் கதவைச் சாத்தினார்கள். அவர் அசரவில்லை, நிலையம் நிலையமாகத் தனித்தனியே நேரம் வாங்கித் தனக்கென்று ஒரு சரமே கோத்துக்கொண்டார். 1960இல் எஃப்சிசி என்கிற மத்திய தகவல்தொடர்பு ஆணையம், மத நிகழ்ச்சி பொதுநலச் சேவைதானா என்று பார்க்கும்போது இலவசமா, காசுக்கா என்ற பேதம் கிடையாது என்றது. காசு வாங்கினாலும் புண்ணியம் உண்டு என்று அரசாங்கமே சொல்லிவிட்ட பிறகு, சும்மா கொடுக்க யாருக்குப் பைத்தியம்?

நிகழ்ச்சி நடத்த நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டியது, ஏற்றுக்கொள்ளும் நிலையத்தை. வேண்டாம் என்று சொல்ல நிலையத்தாருக்கு உரிமை உண்டு. கிறித்தவ நிலையங்கள் பல, பிரசங்கியாரின் கொள்கை தங்கள் கொள்கையோடு ஒத்துப்போகிறதா என்று கேட்கும். பஜனைக் கோஷ்டிக்கு இடம் கிடைப்பது, பல மொழிக்காரர்களுக்கும் மணிக்கணக்கில் நேரம் விற்கும் நிலையங்களில்தான்: முன்னால் ஸ்பானிஷ், பின்னால் போலிஷ், நடுவில் பிள்ளையார். மாதிரிக்கு ஓர் ஒலிப்பதிவு கேட்பார்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரத்துக்கு, பணம் முன்கூட்டியே. காசு கொடுத்து வாங்கிய நேரம் இது, கொடுத்தவர் இன்னார் என்று ஒலிபரப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். கோயில் ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதிப் பழகியவர்களுக்கு இதெல்லாம் சட்டமாகவே தோன்றாது.

தொல்லை கடிகாரத்தில் இருக்கிறது. அரை மணி என்றால் முப்பது நிமிடம் அல்ல. ஒவ்வொரு மணிக்கும் நிலையம் தன் அழைப்பெழுத்தையும் ஊர்ப் பெயரையும் சொல்லியாக வேண்டும். செய்தி, விளம்பரம் வேறு. மிஞ்சுவது இருபத்தெட்டரை நிமிடம், சில இடங்களில் இருபத்தைந்து. நம் உபன்யாசகர்களுக்குச் சபைக்கு வணக்கம் சொல்லவே அது போதாது. ஒலிபரப்புவதும் மனிதர் அல்ல, கணினி; அதற்கு இங்கிதம் தெரியாது. நேரம் முடிந்தால் வெட்டும். திரௌபதி இரு கையையும் தூக்கி அழைக்க, கண்ணன் வருவதற்குள் துணிக்கடைத் தள்ளுபடி வந்துவிடும்.

பாட்டுக்குத் தனிக் கணக்கு. வழிபாட்டின்போது ஆலயத்துக்குள் பாடினால் காப்புரிமைச் சட்டம் கண்டுகொள்ளாது. அதே பாட்டு வானொலியில் ஏறினால் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பணம் போக வேண்டும். பாடியவருக்கு அமெரிக்க ஏஎம், எஃப்எம் ஒலிபரப்பில் ஒரு சல்லிக்காசு கிடையாது. தியாகராஜர் கிருதியோடு நிறுத்திக்கொண்டால் இரண்டு கவலையும் இல்லை.

வாடகை கட்டி மாளாதவர்கள் சொந்த வீடே கட்டிக்கொள்ளலாம். சிற்றெல்லை எஃப்எம் நிலையங்களுக்கு 2000ஆம் ஆண்டில் வழி திறந்தார்கள். அதிகபட்சம் 100 வாட். சுமார் ஐந்தரை கிலோமீட்டர் தூரத்துக்குக் கேட்கும். லாபம் பார்க்காத அமைப்புகளுக்கு மட்டுமே உரிமம். ஆகவே தேவாலயங்கள் நிறைய வாங்கியிருக்கின்றன. ஆனால் விண்ணப்பம் வாங்கும் கதவு எப்போதாவதுதான் திறக்கும்: 2013இல் ஒரு தடவை, அடுத்து 2023 டிசம்பரில். இந்த நிலையங்களில் விளம்பரமும் கூடாது. ஆதரவு தரும் மிட்டாய்க் கடையின் பெயரைச் சொல்லலாம், தெருவைச் சொல்லலாம். மைசூர்பாகு ருசியானது என்றோ, விலை இன்னது என்றோ, வந்து வாங்குங்கள் என்றோ சொல்லக் கூடாது. கடைக்காரருக்கு இதைப் புரியவைப்பது கீதைக்கு உரை சொல்வதைவிடக் கடினம்.

வாடகை நேரம் மலிவாகக் கிடைப்பது ஏஎம் நிலையத்தில்தான். ஆனால் இருட்டிய பின் அதன் மத்திய அலை வானத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் ஓடி, அடுத்த ஊர் நிலையத்தோடு முட்டும். அதனால் பொழுது சாய்ந்ததும் பல நிலையங்கள் சக்தியைக் குறைத்துக்கொள்கின்றன. சில வாயையே மூடிக்கொள்கின்றன. ஜூன் மாதம் ஊரெல்லாம் கேட்ட ஆறு மணி நிகழ்ச்சி, நாலரைக்கே இருட்டும் நியூயார்க் டிசம்பரில் நாலு தெருவைத் தாண்டாது. எனவே ஐயாமார்களே, கையெழுத்துப் போடும் முன் நிலையத்தின் உரிமத்தை வாங்கிப் பாருங்கள். சூரிய உதயமும் அஸ்தமனமும் மாதவாரியாக அதில் அச்சிட்டிருக்கும். ராகுகாலம் மட்டும் இருக்காது.