கரணை பிடித்த கைக்கும் ஒரு சான்றிதழ்

எண்பதுகளில் மஞ்சக்குட்டைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடம் சான்றிதழ் கேட்டதில்லை. போன ஐப்பசி மழைக்கு அவர் கட்டிய சுவர் நின்றதா என்றுதான் விசாரிப்பார்கள். நின்றது என்று தெரிந்தால் வெற்றிலை பாக்கு மாற்றி, நாள் பார்த்துக் கடைக்கால் தோண்டிவிடுவார்கள். சேர்வராயன் மலைச் சரிவில் அதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. இங்குள்ள மண் மழைநீரைக் குடித்துக் கனத்துப்போய்ச் சுவரைப் பின்னாலிருந்து தள்ளும். தொழில் தெரியாதவன் கட்டிய சுவர் முதல் மழையிலேயே வயிறு தள்ளி நிற்கும்.

சேலம் தியாகராசர் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்ததும் நான் வேலைக்கு நின்றது அப்படிப்பட்ட ஒரு மேஸ்திரியிடம்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மேஸ்திரியண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. மூலைமட்டம் பார்க்க ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி நூலில் அளந்து குறி வைப்பார். குறுக்களவு ஐந்தடி வந்தால்தான் மேலே போவார். விரல்கடை கூடினாலும் முளைக்குச்சியைப் பிடுங்கி மறுபடி அடிப்பார். தாங்குசுவர் எழுப்பும்போது கருங்கல் வரிசைக்கு நடுவே குழாய்த் துண்டுகளை வெளிப்பக்கம் சற்றுச் சாய்வாக வைப்பார். உள்முனையில் உடைகல்லைக் குவித்த பிறகுதான் மண் போட விடுவார். அவசரப்பட்டு மண்ணைக் கொட்டப் போன ஆளிடம், "ஏப்பா, ஓட்டைய அடைச்சுப்புட்டா தண்ணி எங்க போவும்? செவுத்தத்தான் தள்ளும்" என்று கூடையைப் பிடித்து நிறுத்தினார். தாங்குசுவர் பற்றி அதற்குப் பிறகு நான் படித்த பாடமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் விளக்கம்தான்.

டிப்ளமோக்காரன் மேலே ஏற அன்றைக்கு இருந்த வழி ஏ.எம்.ஐ.இ. 1920-இல் தொடங்கிய இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் நடத்திய தேர்வு. வேலையை விடாமலே படித்து, ஏ பிரிவு, பி பிரிவு இரண்டையும் தாண்டினால் பொறியியல் பட்டத்துக்கு இணை. பகலில் சாரத்தில் நின்றவர்கள் இரவில் புத்தகத்தோடு உட்கார்ந்து பொறியாளர் ஆனார்கள். நானும் அப்படித்தான் ஆனேன். 2013 மே 31 வரை சேர்ந்தவர்களுக்கு மட்டுமே அந்த இணை மதிப்பு என்று மத்திய அரசு பிறகு வரையறுத்துவிட்டது. வீட்டு நிலைமையால் கல்லூரிக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு ஒரு நல்ல கதவு அதோடு சாத்தப்பட்டது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

தேறி வந்ததும் பில்லில் என் கையெழுத்து செல்லுபடியானது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரின் கூலி, அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தது.

அதற்காகச் சான்றிதழே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த கட்டடத் தொழிலாளர்கள் அதில் எத்தனை பேர்! பக்கத்தில் இருந்த இன்னொரு கோபுரத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்க வேண்டியிருந்தது. வரைபடம், மண் பரிசோதனை, கம்பிக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அதற்குத் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர் என்று பிரித்துப் பதிவு செய்யச் சொல்வது அதனால்தான். கட்டடக் கலைஞர்களுக்கு 1972 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. சிவில் பொறியாளர்களுக்கு நாடு முழுவதற்குமான அப்படியொரு சட்டம் இல்லை. இது பெருங்குறை.

இன்றைய பிள்ளைகளின் பாதை வேறு. என் அண்ணன் மகன் துபாயில் திட்ட மேலாளர். அவன் எழுதியது பி.எம்.பி. என்ற அமெரிக்கச் சான்றிதழ்த் தேர்வு: 180 கேள்விகள், 230 நிமிடம். உட்காருவதற்கு முன்பே 35 மணி நேரப் பயிற்சியும், பட்டதாரி என்றால் மூன்றாண்டுத் திட்ட நடத்துகை அனுபவமும் காட்ட வேண்டும். "சித்தப்பா, காலதாமதம், செலவு, ஆபத்து எல்லாத்தயும் முன்னாலயே எழுதி வெக்கச் சொல்றாங்க" என்றான். நல்ல பழக்கம். சிமெண்ட் லோடு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வரத் தாமதமானால் அன்றைக்கு எந்த வேலையைச் செய்வது என்று மேஸ்திரியண்ணா முதல் நாளே சொல்லி வைப்பார். அதை எழுதி வைத்து அடுத்த ஆளிடம் ஒப்படைக்க வழியில்லாமல் போயிற்று.

2015-இல் மத்திய அரசு திறன் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. படிக்காமலே தொழில் கற்றவர்களையும் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு அதில் உண்டு. முன்கற்றல் அங்கீகாரம் என்று பெயர். மேஸ்திரியண்ணாவை நான்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன். அறுபதை நெருங்கியவர், தன் பேரன் வயதுப் பையன் முன்னால் தூக்குக்குண்டு விட்டு, ரசமட்டம் வைத்து, நாலு வரிசை கட்டிக் காட்டினார். அவருடைய அனுபவத்துக்குச் சாட்சிக் கடிதம் கொடுத்தது நான். அவரிடம் தொழில் கற்ற நான் அவருக்குச் சாட்சி! எழுதும்போது கை கூசியது. அவரோ அட்டையைக் கையில் வாங்கிப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "இத முப்பது வருசம் முந்தியே குடுத்திருந்தா கூலிய ஒசத்திக் கேட்டிருப்பேன் தம்பி" என்றார்.

அவர் கேட்டது நியாயம். சான்றிதழ் கூலியில் தெரிய வேண்டும். சமதளத்தில் நாலு வரிசை கட்டச் சொல்லிப் பார்ப்பதோடு மலைவேலைக்குச் சோதனை முடியவும் கூடாது. மதிப்பிட வருகிறவர்கள் சரிவில் ஏறி, மேஸ்திரிகள் கட்டிய தாங்குசுவரைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் இன்னும் பதியாத கொத்தனார், சித்தாள் உங்கள் வேலையிடத்தில் இருந்தால் உடனே பதியச் சொல்லுங்கள். அறுபது வயதுக்கு மேல் ஓய்வூதியத்துக்கு அந்தப் பதிவுதான் ஆதாரம். மலையில் வீடு கட்டப் போகிறீர்கள் என்றால் பொறியாளரின் பதிவு எண்ணைக் கேளுங்கள், கடைக்கால் தோண்டும் அன்று அவரை நேரில் வரச் சொல்லுங்கள். மேஸ்திரியிடம், போன மழையில் நின்ற சுவரைக் காட்டச் சொல்லுங்கள்.