பால்கோவா வாங்கியதில் காணாமல் போன பத்து ரூபாய்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் டீ குடிக்க நின்றால், கணக்குக் கேட்காமல் கிளாஸைக் கீழே வைக்க விடமாட்டார் ஓர் அண்ணாச்சி. பஞ்சாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அவருடைய ஆஸ்தானப் புதிர் இது:

"நம்மூர்க்காரங்க மூணு பேரு ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா வாங்குறாங்க. ஆளுக்கு 100, மொத்தம் 300 ரூவா. அவங்க கடையை விட்டு எறங்குனதும் மொதலாளிக்கு உறுத்துது, சரக்கு 250தானேன்னு. பையன்கிட்ட 50 ரூவாயக் குடுத்து அனுப்புறாரு. அவன் 20 ரூவாய அமுக்கிட்டு, ஆளுக்குப் பத்து குடுக்கான். இப்ப ஆளுக்கு 90, ஆக 270. பையன்கிட்ட 20. கூட்டுனா 290. மிச்சம் பத்து ரூவா எங்க தம்பி?"

கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். பெஞ்சில் இருப்பவர்கள் எல்லோரும் பையனைச் சந்தேகப்படுவார்கள். தானாக 50 ரூபாயைத் திருப்பித் தருகிற கடைக்காரர் மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் வராது. இந்தக் கதையில் நம்ப முடியாத இடமே அதுதான்.

பணம் இப்போது யார் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால் போதும். கல்லாவில் 250, பையன் சட்டைப்பையில் 20, மூவர் கைக்கும் திரும்பி வந்தது 30. சரியாக 300. மூவர் கையை விட்டுப் போனது 270. பையன் அமுக்கிய 20 அதற்குள்ளேயே கிடக்கிறது. அதைக் கழித்தால் கல்லாப் பணம் வரும். அண்ணாச்சியோ அதையே மறுபடி கூட்டுகிறார். பஞ்சாலைக் கணக்கை இப்படி எழுதியிருந்தால் ஓய்வு கொஞ்சம் முன்கூட்டியே கிடைத்திருக்கும்.

"அதெல்லாம் சரி தம்பி, அந்தப் பத்து ரூவா?" என்பார் அவர்.

இதற்கு ஒரே மருந்து, எண்ணை மாற்றுவது. சரக்கு 200 ரூபாய்தான் என்று வைத்துக்கொள்வோம். பையனிடம் வருவது 100. அவன் 70 ரூபாயை அமுக்கிவிட்டு, ஆளுக்குப் பத்து கொடுக்கிறான். அண்ணாச்சி முறைப்படி கூட்டினால் 270, 70, ஆக 340! கொண்டுபோனது 300 ரூபாய்தான். 40 ரூபாய் எங்கிருந்து முளைத்தது? இதை யாரும் புதிராகக் கேட்பதில்லை. 290 என்பது 300க்குப் பக்கத்தில் இருப்பதால்தான் நாம் ஏமாறுகிறோம். எண்கள் பொருந்திவந்தால் சம்பந்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 192 அடி என்பார்கள்; 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முன்பு ஒரு ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, ஆக 192 தம்பிடி. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தயவுசெய்து அண்ணாச்சியிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் புதிருக்கு எந்த ஊரும் உரிமை கோர முடியாது. 1930களிலேயே மேல்நாடுகளில் உலவியது. அங்கே பெரும்பாலும் ஓட்டல் அறை வாடகை. நம்மூருக்கு வந்ததும் இனிப்பு சேர்ந்துகொண்டது.

அண்ணாச்சியின் அடுத்த அஸ்திரம் இன்னும் அழகானது. கையில் 500 ரூபாய். 200 செலவு, மீதி 300. பிறகு 150 செலவு, மீதி 150. பிறகு 90 செலவு, மீதி 60. கடைசியில் 60 செலவு, மீதி ஒன்றுமில்லை. செலவைக் கூட்டினால் 500. மீதியைக் கூட்டினால் 510. கூடுதல் பத்து ரூபாய் யாருடையது?

மேலே தொலைந்த பத்து இங்கே கிடைத்துவிட்டது என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை. மீதியைக் கூட்டுவதே அபத்தம். முதல் மீதியான 300க்குள் அடுத்த மீதி 150 இருக்கிறது, அதற்குள் 60 இருக்கிறது; ஒரே நோட்டைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறோம். 500 ரூபாயையும் ஒரே மூச்சில் செலவழித்தால் மீதிகளின் கூட்டுத்தொகை பூஜ்யம். அதையே ஒவ்வொரு ரூபாயாகச் செலவழித்தால் 499, 498 என்று இறங்கி, கூட்டுத்தொகை 1,24,750 ரூபாய்! மெதுவாகச் செலவழித்தே லட்சாதிபதியாகும் இந்த வழியை எந்த வங்கியும் இன்னும் அறிமுகப்படுத்தவில்லை.

இந்தப் புதிர்கள் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வரும். ஒரு துண்டுச் சீட்டில் பணம் யார் யார் கையில் இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். அதன் பிறகும் பத்து ரூபாய் குறைந்தால் சொல்லுங்கள், நான் தருகிறேன். கூடுதலாக வந்தால் எனக்கு அனுப்பிவிடுங்கள்.