வடக்கே போனால் தெற்கு வரும்

தூத்துக்குடியிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர். விமானத்தில் ஐம்பது நிமிடம் என்கிறது தூரம் பார்க்கும் செயலி. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளும் கணக்கு. எல்லாம் சரிதான், அந்த வழியில் விமானம்தான் கிடையாது.

ஆத்தூரில் கொடிக்கால் வைத்திருக்கும் என் பெரியப்பாவுக்கு அந்த ஐம்பது நிமிடம் போதுமானதாக இருந்தது. மகளைக் கொழும்பில் கட்டிக் கொடுத்திருக்கிறார். வளைகாப்பு வந்துவிட்டது.

“காலைல வெத்தலை கிள்ளிப் போட்டுட்டுக் கெளம்புனா, மத்தியானம் மக வீட்டுல சோறு திங்கலாம்லா?”

“மெட்ராஸ் போயி ஏறணும் பெரியப்பா.”

“மெட்ராஸ் வடக்க இருக்கு. கொழும்பு தெக்க இருக்கு. எவம்ல இந்த வழியப் போட்டான்?”

மதுரையிலிருந்தும் கொழும்புக்கு விமானம் உண்டு. ஆனால் பெரியம்மாவுக்குத் தி.நகரில் சேலை எடுக்க வேண்டியிருந்தது. மதுரை அங்கேயே அடிபட்டுப் போனது.

வடக்கே போகும் திருவிழா ஆத்தூரிலேயே தொடங்கிவிடுகிறது. வாகைக்குளம் விமான நிலையம் காக்கை பறக்கிற தூரத்தில் பதினைந்து கிலோமீட்டர்கூட வராது. எங்களுக்குச் சிறகு இல்லாததால், முக்காணி, பழையகாயல் என்று பஸ்ஸில் தூத்துக்குடி போய், அங்கிருந்து திருநெல்வேலி சாலையில் மேற்கே திரும்பிப் போனோம். பிறகு சென்னைக்கு ஒன்றரை மணி நேரம். அங்கே உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்கு நடை, வரிசை, பெல்ட்டைக் கழற்று, பெல்ட்டை மாட்டு. வானத்தில் இருந்ததைவிட வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம்தான் பெரியப்பாவுக்கு அதிகம். சென்னைக்கு மேலே 520, அங்கிருந்து கொழும்புக்குக் கீழே 650. ஆக, 280 கிலோமீட்டரை நாங்கள் 1,170 ஆக்கிப் பறந்தோம். காசு கொடுத்தது நாங்கள்தான்.

காத்திருந்த நேரத்தில் பெரியப்பாவுக்கு வ.உ.சி. கதையைச் சொன்னேன். 1906இல் சுதேசிக் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடியிலிருந்து நேரே கொழும்புக்குக் கப்பல் விட்டார். அவரை ஒழிக்க வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள்.

“கொடையும் குடுத்தானா?” பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். வ.உ.சி.யின் தியாகம் அவர் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. “இங்க தண்ணி பாட்டிலக்கூட வாசல்ல பிடுங்கிட்டானுவள.”

2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் மறுபடி வந்தது. ராத்திரி ஏறிப் படுத்தால் விடிந்ததும் கொழும்பு. அந்த நவம்பரிலேயே நின்றும் போனது. அப்போது பெரியப்பாவுக்குக் கொழும்பில் சம்பந்தி இல்லை; கப்பலுக்குப் பொறுமை இல்லை.

வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை இப்போது 3,115 மீட்டர். பெரிய விமானங்களும் இறங்கலாம். என்றாவது கொழும்புக்கும் ஒன்று விடுவார்கள் என்று பெரியப்பாவைத் தேற்றினேன்.

“மூணு கிலோமீட்டருக்கு நீட்டிட்டானுவளா?” கொஞ்சம் யோசித்தார். “அப்படியே இன்னுங் கொஞ்சம் கொழும்பு வரைக்கும் நீட்டிட்டா, நான் சைக்கிள்லயே போயிருவேன்ல.”