சரக்கு இல்லை என்றால் இல்லைதான்

மருந்துக்கடைக்காரர், கஞ்சிக்கோடு

கேள்வி: கேட்ட மருந்து கடையில் இல்லையென்றால் ‘அதே மாதிரி’ என்று வேறொன்றை எடுத்துக் கொடுப்பவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. இதற்குச் சரித்திரத்தில் ஆதாரம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, ஆனால் அவர்களுக்கு ஆனந்தம் தரக்கூடிய ஆதாரமன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் கலீபா அல்-முஃதஸிமின் சேனாதிபதியாயிருந்த அஃப்ஷீன், தம் பாளையத்தில் கடை விரித்திருந்த மருந்து வியாபாரிகளின் யோக்கியதையைப் பரீட்சிக்க எண்ணி, தம் தேசத்துப் பதிவேடு ஒன்றிலிருந்து ஏறக்குறைய 20 பெயர்களைப் பொறுக்கி, அவை ஏதோ அபூர்வ சரக்குகள் போல ஆள்விட்டுக் கேட்கச் சொன்னாராம். சிலர் “கேள்விப்பட்டதே இல்லை” என்று கையை விரித்தார்கள். சிலர் காசை வாங்கிப் போட்டுக்கொண்டு, கைக்கு அகப்பட்டதைப் பொட்டலம் கட்டினார்கள். கையை விரித்தவர்களுக்கு அனுமதிச் சீட்டும், பொட்டலம் கட்டியவர்களுக்குப் பாளையத்தை விட்டு வெளியேறும் உத்தரவும் கிடைத்தன. அதற்கு முன்பே, கலீபா அல்-மஃமூன் காலத்தில், ஓர் ஊரின் பெயரை மருந்தென்று சொல்லிக் கேட்டபோது, விதை கொடுத்தவரும் உண்டு, கல் கொடுத்தவரும் உண்டு, ரோமம் கொடுத்தவரும் உண்டு. கல் கொடுத்தவரையாவது மன்னிக்கலாம். அதை யாரும் விழுங்கியிருக்க மாட்டார்கள்.

கல்லூரி மாணவி, பாலக்காடு

கேள்வி: அரபு மருந்துநூல் வல்லுநர்களில் ஒருவரை மட்டும் சொல்லச் சொன்னால் யாரைச் சொல்வீர்கள்?

பதில்: இப்னு அல்-பைதாரை. ஸ்பெயின் தேசத்து மாலகாவில் ஏறக்குறைய 1197-இல் பிறந்து, செவில் நகரத்து அபுல் அப்பாஸ் அந்-நபாத்தியிடம் மூலிகை சாஸ்திரம் பயின்று, வட ஆப்பிரிக்கக் கரையோரமாகவும் ஆசியா மைனர் வழியாகவும் செடிகொடிகளை விசாரித்துக்கொண்டே எகிப்து சேர்ந்து, சுல்தான் அல்-காமிலின் மூலிகை வல்லுநர்களுக்குத் தலைவராக அமர்ந்து, 1248-இல் டமாஸ்கஸில் காலமானவர். சுமார் 1,400 ஔஷதங்களையும் உணவுப் பொருள்களையும் அகராதி வரிசையில் அடுக்கி, ஏறத்தாழ 150 ஆசிரியர்களின் வாக்கைத் திரட்டி அவர் எழுதிய கிரந்தத்தில், இன்னது இன்னார் சொன்னது என்ற கணக்கு பிசகுவதில்லை.

லாரி ஓட்டுநர், வாளையார்

கேள்வி: சோதனைச்சாவடியில் காத்துக் காத்துப் பிரயாணமே வெறுத்துவிட்டது. உங்கள் இப்னு அல்-பைதார் வீட்டிலிருந்தே புத்தகம் எழுதியிருக்கக் கூடாதா?

பதில்: எழுதியிருக்கலாம், தப்பும் எழுதியிருக்கலாம். அவருடைய சிஷ்யரான இப்னு அபீ உஸைபிஆ, டமாஸ்கஸைச் சுற்றிய வெளிகளில் அவரோடு நடந்து, செடிகளை முளைத்த இடத்திலேயே கண்டவர். அவர் சொல்வதைக் கேளுங்கள்: ஒரு மூலிகையின் முன் நின்றதும் ஆசிரியர், பழங்கால வைத்தியர் டயஸ்காரிடிஸ் அதைப் பற்றிக் கிரேக்கத்தில் என்ன சொன்னார், இன்னொரு வைத்தியரான காலன் என்ன சொன்னார், பின்வந்தவர்கள் எங்கே ஒத்துப் போனார்கள், எங்கே இடறினார்கள் என்றெல்லாம் சொல்வதோடு, அது எத்தனையாவது அத்தியாயத்தில் எத்தனையாவது மருந்து என்பதையும் ஒப்பிப்பாராம். சிஷ்யர் வீடு திரும்பி ஏடுகளைப் புரட்டிப் பார்த்தால் அணுவும் பிசகியிராதாம். சோதனைச்சாவடி எல்லாச் சாலையிலும் உண்டு. அவர் தம் சாவடியைத் தாமே சுமந்துகொண்டு போனார்.

ஏலத்தோட்டக் கணக்கர், வண்டன்மேடு

கேள்வி: நம் ஏலக்காயும் மிளகும் இப்னு அல்-பைதாரின் புத்தகத்தில் உண்டா?

பதில்: உண்டு, இஞ்சியும் உண்டு. நம் சரக்குக்கு அரபு வணிகர் காட்டிய மரியாதையை மலையாளக் கரைத் துறைமுகங்கள் நெடுங்காலம் அறியும். ஆனால் இப்னு அல்-பைதார் நம் பக்கம் வந்தவரல்லர். மிளகுக் கொடி மரத்தைப் பற்றி ஏறுவதைக் கண்ணால் காணாதவர். அதனாலேதான், முன்னோர் சொன்னதை அவரவர் பெயரிலேயே எழுதி வைத்தார். காணாததைக் கண்டதுபோல் எழுதும் சாமர்த்தியம் அவருக்கு வாய்க்கவில்லை; நம் காலத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை.

பள்ளி ஆசிரியர், கொழிஞ்சாம்பாறை

கேள்வி: நம் நாட்டில் அவருக்கு நிகர் யாரும் இல்லையா?

பதில்: ஏன் இல்லை? சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியில் வாழ்ந்த இட்டி அச்சுதன் வைத்தியரை நினைத்துக்கொள்ளுங்கள். கொச்சியின் டச்சு அதிகாரி வான் ரீட் மேற்பார்வையில் உருவாகி, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக அச்சேறிய ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ என்ற பெருநூலுக்குச் செடிகளின் பெயரும் குணமும் சொன்னவர்களுள் தலையாயவர் அவர். 1675-ஆம் வருஷத்து அவருடைய உறுதிமொழி நூலிலேயே பதிப்பிக்கப்பட்டிருக்கிறது. படங்களின் மேல் மலையாள எழுத்துக்கு அருகே அரபு எழுத்திலும் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டால், மாலகாக்காரர் மகிழ்ந்திருப்பார்.

பக்தர், புதுநகரம்

கேள்வி: இராமதேவச் சித்தர் மக்கா சென்று யாகோபு என்ற பெயர் பெற்றாராமே, மெய்தானா?

பதில்: சித்தர் மரபு அப்படித்தான் சொல்கிறது, யாகோபு பெயரால் வைத்திய நூல்களும் வழங்குகின்றன. எந்தக் கப்பல், எந்த வருஷம் என்று கேட்டால் சித்தர்கள் சிரிப்பார்கள்; கப்பல் சீட்டைக் காட்டச் சொன்னால் மறைந்தே போவார்கள். கதையே என்றாலும், மருந்துக்கு மதில் கிடையாது என்று நம் ஜனங்கள் நம்பியதற்கு அது நல்ல சாட்சி.

ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி, கஞ்சிக்கோடு

கேள்வி: சர்க்கரை வியாதிக்கு ஒரு மூலிகைக் குறிப்பு வாட்ஸாப்பில் வந்திருக்கிறது. சாப்பிடலாமா?

பதில்: தங்கள் டாக்டரைக் கேளுங்கள், கேட்பதற்கு முன், சொன்னவர் யார், எந்த நூலில் எந்த இடத்தில் சொன்னார், அந்தச் செடியை நேரில் கண்டவர் எவர் என்று மூன்று விசாரணை செய்து பாருங்கள். மூன்றுக்கும் விடையின்றி, ‘பத்துப் பேருக்கு அனுப்பவும்’ என்ற வாக்கியம் ஒன்றே பிரமாணமாக மிஞ்சுமானால், மருந்தை உண்ணாமலும், பத்துப் பேருக்கு அனுப்பாமலும் இருப்பதே பதினொரு பேருக்கும் ஆரோக்கியம்.