அன்புள்ள அரசாங்கத் தாய் தகப்பனுக்கு

எனது இல: கிடையாது (நான் உத்தியோகத்தன் அல்ல)
உமது இல: பிள்ளைக்குப் பதினெட்டு வயதான அன்று மூடப்பட்ட கோவையின் இலக்கம்
இடம்: லிங்கநகர், திருகோணமலை

பொருள்: தங்கள் பிள்ளை எங்கள் ஒழுங்கையில் அறை தேடித் திரிவது தொடர்பாக

ஐயா, அம்மா,

மற்றவர்கள் பிள்ளையைப் பெற்றுப் பெற்றோரானவர்கள். தாங்கள் நீதவானின் கட்டளையால் பெற்றோரானவர்கள். நன்னடத்தை உத்தியோகத்தர் அறிக்கை எழுதினார், நீதவான் ஒப்பம் வைத்தார், சிறுவர் இல்லம் பொறுப்பேற்றது. சட்டப்படி பிள்ளை தங்கள் பிள்ளையாகியது. வளர்த்தும் விட்டீர்கள். சோறு போட்டீர்கள், பள்ளிக்கூடம் அனுப்பினீர்கள். முதலில் அதற்கு எங்கள் நன்றி. இதில் பகடி இல்லை. கல்லடி உப்போடையில் இராமகிருஷ்ண மிஷனும் எங்கள் ஊரில் சிவானந்த தபோவனமும் இன்னும் எத்தனையோ இல்லங்களும் இந்தக் கிழக்கு மண்ணில் ஆளாக்கிவிட்ட பிள்ளைகளை நாங்கள் அறிவோம்.

பகடி இனிமேல்தான் வருகிறது. அதை எழுதியது நான் அல்ல, தாங்களே.

பதினெட்டு நமக்கு ராசியான எண். சித்தர்கள் பதினெண்மர். பாரதப் போர் பதினெட்டு நாள். ஐயப்பன் சந்நிதிக்குப் படி பதினெட்டு. அங்கே பதினெட்டாம் படி ஏறினால் சாமியைக் காணலாம். தங்கள் பதினெட்டாம் படியில் ஏறினால் ஒரு கேற் இருக்கிறது. அது வெளிப்பக்கமாக மட்டும் திறக்கும்.

சட்டத்தில் குறை சொல்ல முடியாது. 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் இந்த நாட்டில் பராய வயதை 21இலிருந்து 18க்குக் குறைத்தது. ஆகவே பிறந்தநாளுக்கு முதல் நாள் இரவு பிள்ளையாகப் படுத்தவர், விடியும்போது பராயமடைந்த ஆளாக எழும்புகிறார். இந்த அதிசயம் வேறெந்த வீட்டிலும் நடப்பதில்லை. எங்கள் ஒழுங்கையில் இருபத்தெட்டு வயது மகனுக்கு அம்மா இன்னும் சோறு பிசைந்து கொடுக்கிறார். அவனைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பும்போது பஸ் நிலையம் வரைக்கும் குடும்பமே போனது. தங்கள் பிள்ளை மட்டும் ஒரு பையோடு தனியே வந்திறங்கினார். உண்மையில் தாங்களே இந்த நாட்டின் நவீன பெற்றோர்.

பிறப்புப் பதிவே இல்லாத பிள்ளைகளும் தங்களிடம் வளர்கிறார்கள். யுத்தத்திலும் இடப்பெயர்விலும் பதிவேடும் போனது, பதிவு செய்யவேண்டிய ஆட்களும் போனார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு வயதை உத்தேசமாகக் கணித்துச் சான்றிதழ் தருகிறீர்கள். பிறந்த நாள் உத்தேசம். வெளியேறும் நாள் மட்டும் துல்லியம். இந்தக் கணக்கைப் பார்த்தால் வானியல் படித்தவர்களுக்கும் பொறாமை வரும்.

அடுத்து, படிப்பு. தங்கள் கல்வி ஒழுங்கின்படி சாதாரண தரம் எழுதும்போது பிள்ளைக்குப் பதினாறு வயது. உயர்தரம் எழுதும்போது பதினெட்டு, சிலவேளை பத்தொன்பது. அதாவது, பிள்ளை உயர்தர வகுப்பில் புத்தகமும் கையுமாக இருக்கிற நேரம் பார்த்து அவர் பெரிய ஆளாகிவிடுகிறார். 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சையை 2022 பெப்ரவரியில் நடத்தினீர்கள். 2022க்குரியதை 2023 ஜனவரியில் தொடங்கினீர்கள். 2023க்குரியது 2024 ஜனவரிக்குப் போனது. நோயும் வந்தது, காசும் இல்லாமற் போனது, காரணங்களை விளங்கிக்கொள்கிறோம். ஆனால் பரீட்சையைப் பின்போடத் தெரிந்த தங்களுக்கு அந்தப் பிறந்தநாளையும் கொஞ்சம் பின்போட்டிருக்கலாமே என்றுதான் கேட்கிறோம்.

சோதனை முடியும்வரை இரு என்று பிள்ளையை வைத்துக்கொள்ளும் இல்லங்களும் உண்டு. அது அந்த இல்லத்துப் பெரியவர்களின் நல்ல மனது. நல்ல மனது இடம் மாறிப் போகும், ஓய்வு பெறும், நோயில் விழும். பிள்ளையின் கையில் இருக்க வேண்டியது உரிமை.

இனி, தங்கள் பிள்ளை எங்கள் ஊருக்கு வந்த கதை. அறை கேட்டுப் போன இடத்தில் வீட்டுக்காரர் முதலில் கேட்டது, "தம்பி, நீர் ஆரின்ட பிள்ளை?" உண்மையைச் சொன்னால், "அரசாங்கத்தின்ட" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த கேள்வி அட்வான்ஸ். ஆறு மாதக் காசு முன்னுக்கு. அதற்கடுத்தது, "பொறுப்புச் சொல்ல ஆரும் பெரியாக்கள் வருவினமோ?" பதினெட்டு வயது வரை பொறுப்பாயிருந்த பெரியாள் தாங்கள்தான். தங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுக்கலாமா என்று அவர் யோசித்தார். அலுவலக நேரம் முடிந்திருந்தது.

பிறகு படிவங்கள். வதிவிடச் சான்றிதழ் தருவதற்கு ஜீ.எஸ். வாக்காளர் இடாப்பைப் புரட்டுகிறார். அவர் செய்வது அவருடைய கடமை. அடையாள அட்டையில் இருப்பது இல்லத்தின் முகவரி. இல்லத்தில் அவர் இல்லை. லிங்கநகரில் அவர் இருக்கிறார், முகவரி இல்லை. பதினெட்டு வயதில் தாங்கள் ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்கிறீர்கள்: வாக்குரிமையைக் கொடுக்கிறீர்கள், அந்த வாக்கைப் பதியவேண்டிய வீட்டு வாசலை மூடுகிறீர்கள்.

கடன் கேட்டால் பிணைக்கு இரண்டு அரச உத்தியோகத்தர்கள் வேண்டும். முழு அரசாங்கமே பெற்றோராக இருந்த பிள்ளைக்குப் பிணை வைக்க ஓர் எழுதுவினைஞரும் கிடையாது. வேலைக்கு விண்ணப்பித்தால் கடைசிப் பக்கத்தில் ஓர் இடம்: உறவினரல்லாத இருவரின் பெயரும் முகவரியும். தங்கள் பிள்ளை முகம் மலர்ந்தது அந்த ஒரு கேள்வியில்தான். அவருக்குத் தெரிந்த எல்லாருமே உறவினரல்லாதவர்கள்.

குடும்பத்திடம் போகலாமே என்பீர்கள். இந்த இல்லங்கள் நடப்பது 1941ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ். ஆனால் உள்ளே இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். தாய் குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலையில் இருப்பார். தகப்பன் மறுமணம் செய்திருப்பார், அல்லது யுத்தத்தில் காணாமற் போயிருப்பார். சிலருக்கு வறுமை ஒன்றே காரணம். அந்த வீடு பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை, வசதியில்லை என்று எழுதித்தான் தாங்கள் அவரை எடுத்தீர்கள். பதினெட்டு வயதில் திருப்பிக் கொடுக்கும்போது அந்த வீடு எப்படித் திருந்தியது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

பாதுகாவலர் என்ற வேலை தங்களுக்குத் தெரியாததும் அல்ல. 2004 டிசம்பர் 26இல் கடல் எழும்பி இந்தக் கரையை அடித்துப் போன பிறகு, 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தீர்கள். தாய் தகப்பனைக் கடலிடம் இழந்த பிள்ளைகளுக்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையே பாதுகாவலர் என்று எழுதினீர்கள். அன்று ஏணையில் கிடந்த குழந்தைகள் இன்று இருபது தாண்டிவிட்டார்கள். எத்தனை பேர் படிக்கிறார்கள், எத்தனை பேர் எந்த ஊரில் கூலிக்குப் போகிறார்கள் என்று பாதுகாவலரிடம் கேட்டால், கோவையைத் தேடிப் பார்க்க வேண்டும் என்ற பதில்தான் வரும்.

நெடுங்காலம் பொறுப்பெடுக்கத் தெரியாதவர்கள் என்றும் தங்களைச் சொல்ல முடியாது. எங்கள் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், சீனன்குடாவில், பிரித்தானியர் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. பல பத்தாண்டுகள் காடுபிடித்துக் கிடந்தவை. 2022 ஜனவரியில் அவற்றுக்கு என்ன அருமையான ஏற்பாடு செய்தீர்கள்! இருபத்துநான்கு தாங்கிகள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, பதினான்கு இந்திய எண்ணெய்க் கம்பனிக்கு, மிச்சம் அறுபத்தொன்று இருவரும் சேர்ந்து பார்க்கும் கூட்டுக் கம்பனிக்கு. குத்தகைக் காலம் ஐம்பது வருடம். ஒரு தாங்கிகூட அநாதையாகவில்லை. ஒவ்வொன்றும் ஆர் பொறுப்பு என்று காகிதத்தில் இருக்கிறது. இரும்புக்கு ஐம்பது வருடம், பிள்ளைக்குப் பதினெட்டு. துருப்பிடித்த பிறகாவது கவனிப்பார்கள் என்ற நம்பிக்கை தாங்கிகளுக்கு இருந்தது.

உலகத்தில் வேறு பெற்றோர்களும் இருக்கிறார்கள். பக்கத்து இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு 21 வயது வரை பின்பராமரிப்பு என்று எழுதிவைத்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கும் அதுதான் சட்டம். எழுதியபடி எல்லா இடத்திலும் நடக்கிறதா என்பது வேறு கதை, ஆனால் கேட்பதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். வெளியேறும் ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்து ஓர் ஆலோசகர், எழுத்தில் ஒரு திட்டம். 2017இல் அதை 25 வயது வரை நீட்டினார்கள். ஸ்கொட்லாந்து 2014இல் ஒரு படி மேலே போனது. பல்கலைக்கழகம், பொலிஸ், தீயணைப்புப் படை, கலைகளுக்கான சபை எல்லாவற்றையும் இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் என்று சட்டத்திலேயே பட்டியல் போட்டது. அங்கே தீயணைப்புப் படைக்காரரும் தகப்பன். இங்கே தகப்பனே வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

தங்களிடம் காகிதம் இல்லையா? நிறைய இருக்கிறது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை 1991இல் ஏற்றுக்கொண்டீர்கள். பிள்ளையைப் பாதிக்கிற விடயத்தில் பிள்ளையின் சொல்லைக் கேட்க வேண்டும் என்று அதன் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. மாற்றுப் பராமரிப்புக்கான ஐக்கிய நாடுகளின் வழிகாட்டல்கள் 2009இல் வந்தன. வெளியேறும் பிள்ளையை முன்கூட்டியே ஆயத்தப்படுத்து, பிறகும் கைவிடாதே என்று அவை சொல்கின்றன. 2019இல் தங்கள் அமைச்சரவையே மாற்றுப் பராமரிப்புக் கொள்கை ஒன்றை அங்கீகரித்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் இல்லத்துப் பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தீர்கள். அதற்கும் நன்றி. காகிதங்களால் தங்கள் லாச்சி நிறைந்துவிட்டது. பிள்ளையின் பை மட்டும் நிறையவில்லை.

காசு மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். இல்லத்துக் குசினியில் அண்டாவில் சோறு வெந்ததைப் பார்த்து வளர்ந்தவருக்கு, ஒரு சுண்டு அரிசி எத்தனை பேருக்குக் காணும் என்று தெரியாது. லைற் பில் எப்படிக் கட்டுவது, சம்பளத்தில் ஈ.பி.எப். பிடிக்கிறார்களா என்று எங்கே பார்ப்பது, முதலாளி இரண்டு மாதம் சம்பளம் தராவிட்டால் எந்தக் கந்தோர்ப் படி ஏறுவது, ஒன்றும் தெரியாது. கம்பஸ் கிடைத்துப் போனவருக்கு இன்னொரு கவலை: லீவு விட்டு விடுதி பூட்டினால் எங்கே போவது? தீபாவளிக்கு எல்லாரும் ஊருக்கு ரிக்கெற் எடுக்கிற நாளில் அவர் எந்த ஊருக்கு எடுப்பது? இதற்கெல்லாம் ஒரு திணைக்களம் வேண்டாம். பெயரும் தொலைபேசி இலக்கமும் உள்ள ஒரு பெரியாள் போதும். மாறிமாறி வரும் பத்து உத்தியோகத்தர்கள் அல்ல, மாறாத ஒருவர்.

சட்டமும் வேண்டும். 2006இல் சம்பூர்ப் பக்கம் இடம்பெயர்ந்த குடும்பத்தின் பிள்ளைக்குத் தகப்பன் பெயரில் ஒரு பெர்மிட் காணி இருந்ததா, இப்போது அதில் ஆர் இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல ஒரு சட்டத்தரணி வேண்டும். சட்ட உதவி ஆணைக்குழுவை 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைத்தீர்கள். அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று இல்லத்தை விட்டுப் போகும் நாளில் பிள்ளைக்குக் காட்டிவிட ஒரு மணித்தியாலம் போதும்.

ஆகவே, லிங்கநகர்வாசியாகிய நான் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது:

1. பின்பராமரிப்பைக் குறைந்தது 21 வயது வரை உரிமையாகச் சட்டத்தில் எழுதுங்கள். படித்துக்கொண்டிருந்தால் படிப்பு முடியும்வரை.

2. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, நிலையான முகவரி ஒன்று. இவை நான்கும் கையில் இல்லாமல் எந்தப் பிள்ளையும் கேற்றைத் தாண்டக்கூடாது.

3. ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்து ஒரு வழிகாட்டி. காணியும் சம்பளமும் பார்க்க இலவசச் சட்ட உதவி.

4. இந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கூட்டம் போடும்போது, இல்லங்களில் வளர்ந்து வெளியே வந்தவர்களையும் மேசையில் இருத்துங்கள். தேநீர் ஊற்றுவதற்கு அல்ல, தீர்மானிப்பதற்கு.

பிள்ளையை எடுக்கும்போது நீதிமன்றக் கட்டளை கேட்டீர்கள். கைவிடும்போது நாட்காட்டி மட்டும் போதுமானதாக இருந்தது. அதை இனிமேல் ஏற்கமாட்டோம்.

இவ்வண்ணம்,
தங்கள் பிள்ளையின் புதிய அயலவன்,
லிங்கநகர்.

பிரதி: அறை வாடகைக்கு விடும் அயலவர்களுக்கு. அடுத்த முறை "ஆரின்ட பிள்ளை" என்று கேட்கமுதல், "என்ன வேலை பார்க்கிறீர்" என்று கேளுங்கள். ஆறு மாத அட்வான்ஸை இரண்டு மாதமாக்குங்கள். அரசாங்கம் பதில் எழுதும்வரை இதை நாங்கள் செய்யலாம்.